கேரக்டரைக் கப்பலிலிருந்து இறக்குவது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இது எழுதி ஆடும் விண்வெளி ஆட்டக் குழுக்களுக்கானது: ஒவ்வொருவரும் ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, அது பேசுவதையும் செய்வதையும் மாறி மாறிப் பதிவுகளாக எழுதிக் கதையை நகர்த்தும் ஆட்டம். ஐந்தாறு பேர், வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், கூகுள் டாக்ஸில் கப்பலின் பதிவேடு, மாதம் ஒருமுறை லாஸ்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நேரில் உட்கார்வது: இப்படி நடக்கும் குழுக்களில் கேரக்டர் சேருவதில் தகராறே வராது, போவதில்தான் வரும்.

உதாரணத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே கப்பலை வைத்துக்கொள்வோம். பெயர் 'கெடிலம்'. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே சரக்கு ஏற்றும் பழைய கப்பல். ஆறு பேர்: கேப்டன், பைலட், என்ஜினியர், டாக்டர், சரக்குப் பொறுப்பாளர், ரேடியோக்காரர்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு கேள்வி. போவது பிளேயரா, கேரக்டரா? பிளேயர் இருந்துகொண்டு வேறு கேரக்டர் எடுக்கலாம். பிளேயர் போய்விட்டாலும் கேரக்டர் ஜிஎம் (கேம் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துகிறவர்) கையில் தொடரலாம். இதைக் கேட்காமல் எழுத ஆரம்பித்தால் கீழே உள்ள அறிகுறிகளில் பாதி தானாகவே வந்து சேரும்.

அறிகுறி 1: சீன் நடுவில் கேரக்டர் சிலை மாதிரி நிற்கிறது, பிளேயரிடமிருந்து சத்தமே இல்லை

காரணங்கள், செலவு குறைந்ததிலிருந்து:

கரண்டும் டவரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்த பிறகு கடலூர்ப் பக்கம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரையேறியது. அந்த மாதிரி நாட்களில் 'ஏழு நாள் பதில் இல்லை' என்ற கணக்கே செல்லாது. அவர் தெருவில் கரண்ட் வந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

பரீட்சையும் விசேஷமும். செமஸ்டர், பிளஸ் டூ, வீட்டில் கல்யாணம், மாசி மகம், ஆடியில் வீராம்பட்டினம் தேர். குழு தொடங்கும்போதே ஒவ்வொருவரும் வரமுடியாத வாரங்களைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் இந்தச் சந்தேகம் அரை நிமிஷத்தில் தீரும்.

மியூட். குரூப்பில் நீங்கள் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பாருங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று தனித்தனியாகக் காட்டும். ப்ளூ டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள்கூட குரூப்பில் தப்ப முடியாது. சேர்ந்திருக்கிறது, படிக்கவில்லை என்றால் மியூட் அல்லது வேலைப் பளு. படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்றால் கோளாறு போனில் இல்லை, அடுத்ததைப் பாருங்கள்.

அவருடைய முறை என்றே அவருக்குத் தெரியவில்லை. ஜிஎம்கள் ஒப்புக்கொள்ள மறுக்கும் காரணம் இது, அடிக்கடி வருவதும் இதுதான். கடைசி மூன்று பதிவுகளை எடுத்துப் பாருங்கள். அவருடைய கேரக்டரைப் பெயர் சொல்லி யாராவது ஏதாவது கேட்டிருக்கிறார்களா? 'டாக்டரும் கூட நின்றிருந்தார்' என்று மட்டும் இருந்தால் அவர் எதை எழுதுவார்? இரண்டில் ஒன்றைப் பதிலாகச் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைப் போடுங்கள்: 'டாக்டர், இவன் கையை எடுக்கணுமா, காப்பாத்த முடியுமா?' பாதிப் பேர் இதற்கே திரும்பி வந்துவிடுவார்கள்.

ஆர்வம் போய்விட்டது. இதை குரூப்பில் கேட்கக் கூடாது. தனியாக, ஒரே ஒரு மெசேஜ்:

'அண்ணா, டாக்டர் சீன் பாதியில நிக்குது. கொஞ்ச நாள் ஓரமா வெச்சிக்கவா, இல்ல நல்லபடியா அனுப்பி வெச்சிடலாமா? எதுனாலும் ஓகே, ஒரு வார்த்தை சொன்னா போதும்.'

'ஏன் வரல' என்று கேட்டால் சாக்குதான் வரும். இரண்டு வழி காட்டிக் கேட்டால் முடிவு வரும்.

நாள் கணக்கு: மூன்றாம் நாள் இந்தத் தனி மெசேஜ். ஏழாம் நாள் கேரக்டரை ஓரம் கட்டலாம். இருபத்தோராம் நாள் கதையை விட்டுத் தற்காலிகமாக வெளியே போவதாக எழுதலாம். அதுவரை ஜிஎம் அந்தக் கேரக்டரின் உடம்பை மட்டும் நகர்த்தலாம். முடிவெடுக்க வைக்கக் கூடாது, யாரையும் திட்ட வைக்கக் கூடாது, காதலிக்க வைக்கவே கூடாது.

ஓரம் கட்டும் பதிவு இவ்வளவு போதும்:

'மூன்றாம் தளத்தில் அழுத்தக் கதவு இறங்கிவிட்டது. டாக்டர் மருந்தறைப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். இன்டர்காமில் குரல் மட்டும் வந்தது: "எனக்கு ஒண்ணுமில்ல. இங்க ரெண்டு பேருக்கு அடி, நான் இவங்களோட இருக்கேன். நீங்க என்ஜினைப் பாருங்க."'

கேரக்டர் பத்திரமாக இருக்கிறார், தன் வேலையைச் செய்கிறார், மற்றவர்கள் தேடிப் போக வேண்டியதில்லை. திரும்பி வர 'கதவு திறந்தது' என்ற ஒரு வரி போதும்.

இதற்குப் பதிலாகக் கோமாவில் போடுவார்கள். எல்லாரும் செய்வது, எல்லாவற்றிலும் மோசம். கோமாவில் கிடப்பவரைப் பார்க்க ஐந்து பேரும் மாறி மாறிப் போவார்கள், ஐந்து பேரும் கண்ணீர்ப் பதிவு போடுவார்கள். கதை முழுக்க அந்தக் கட்டிலைச் சுற்றும். அதிலும் கப்பலில் இருக்கும் ஒரே டாக்டரைக் கோமாவில் போட்டால் வைத்தியம் பார்ப்பது யார்?

அறிகுறி 2: 'நான் போறேன்' என்று சொல்லிவிட்டார், ஆனால் அந்தக் கேரக்டர் இல்லாவிட்டால் கதை நின்றுவிடும்

சோதனை முதலில். பதிவேட்டில் அந்தக் கேரக்டர் பெயரைத் தேடுங்கள். கடைசி முப்பது பதிவுகள் போதும். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள்: வேலை, பொருள், ரகசியம், பாக்கி. கேப்டன் போகிறார் என்றால்,

வேலை: கட்டளை, துறைமுகப் பேச்சுவார்த்தை.
பொருள்: பெட்டகச் சாவி, ஒரே துப்பாக்கி, சரக்கு வாங்கிய கடன் பத்திரம்.
ரகசியம்: ஐந்தாம் கிடங்கில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது.
பாக்கி: என்ஜினியருக்குக் கொடுத்த வாக்கு, பைலட்டோடு தீராத சண்டை.

ஒரு கட்டம் மட்டும் நிரம்பினால் ஒரே பதிவில் அனுப்பிவிடலாம். இரண்டு மூன்று நிரம்பினால் கீழே உள்ளபடி மூன்று பதிவு. நான்கும் நிரம்பி வழிந்தால் அது தனி விவகாரம், இந்த அறிகுறியின் கடைசியில் வருகிறது.

மூன்று பதிவின் வரிசை முக்கியம். முதல் பதிவில் வேலை கைமாற வேண்டும், அதை வாங்கிக்கொள்கிறவர் எழுத வேண்டும். கொடுக்கிறவர் எழுதினால் 'இனி நீதான் கேப்டன்' என்று கட்டளையாகிவிடும், வாங்குகிற பிளேயருக்கு அதில் விருப்பம் இருக்கிறதா என்றே தெரியாது. இரண்டாவதில் பொருளும் ரகசியமும், போகிறவரே எழுதலாம். மூன்றாவதுதான் விடைபெறுதல், அதில் பாக்கியைத் தீர்க்கலாம். விடைபெறுதலை முதலில் வைத்தால் எல்லாரும் உருகி முடித்த பிறகு, நாலு வாரம் கழித்து 'சாவி எங்கப்பா?' என்ற கேள்வி வரும். சாவி போன ஆளின் சட்டைப்பையில் இருக்கும்.

ரகசியத்தை ஜிஎம் எல்லாருக்கும் அறிவித்துவிடுவது வீண். அதைக் கேட்டால் யாருக்கு அதிகச் சங்கடமோ அந்த ஒரு கேரக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஐந்தாம் கிடங்கின் விஷயத்தைச் சரக்குப் பொறுப்பாளரிடம் சொன்னால், அவர் கையெழுத்துப் போட்ட பட்டியலே பொய் என்று ஆகிறது. கேப்டன் போனாலும் அடுத்த மூன்று மாதத்துக்குக் கதை ஓடும்.

நான்கு கட்டமும் வழிகிறது என்றால்: கேரக்டர் ஜிஎம் கையில் போக வேண்டும். பிளேயரிடம் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அவர் கேரக்டர் இனி வசனம் பேசலாமா? தப்பு செய்யலாமா? சாகலாமா? மூன்றுக்கும் 'சரி' வராது. வந்த அளவுக்குத்தான் அதிகாரம். வாயால் சொன்னதை நம்பாமல் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். ஒரு வருஷம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

அறிகுறி 3: வெளிநாடு போகிறார், அதனால் கேரக்டரையும் அனுப்பச் சொல்கிறார்

அவசரப்படாதீர்கள். பாண்டியில் பாதி வீட்டுக்கு ஒரு கால் பிரான்சில். குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. நம் சனிக்கிழமை இரவு ஒன்பது மணி அங்கே மாலை நாலரை அல்லது ஐந்தரை, ஆடத் தோதான நேரம். துபாய் ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். சிங்கப்பூருக்குத்தான் ஒன்பது மணி ஆட்டம் ஒத்துவராது, ஏழு மணிக்கு மாற்ற வேண்டும். இரண்டு மாதம் நேரம் மாற்றிப் பாருங்கள். அப்புறமும் முடியவில்லை என்றால் அனுப்புங்கள்.

அறிகுறி 4: அனுப்பியாகிவிட்டது, ஆனால் தூரக் கணக்கு இடிக்கிறது

ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிசிக்ஸ் ஆள் இருப்பார். 'நேத்து செவ்வாயில இறங்கினவரு இன்னிக்கு எப்படி பூமியில?' என்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

எளிய காரணம், போகும் இடத்தைத் தப்பாகத் தேர்ந்தது. பிளேயர் எத்தனை நாள் வரமாட்டார் என்பதை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள். அப்பல்லோ 11 கிளம்பி மூன்று நாளில் நிலவின் சுற்றுப்பாதைக்குப் போனது. எரிபொருள் மிச்சம் பிடித்துப் போன சந்திரயான்-3, 2023 ஜூலை 14-ல் கிளம்பி ஆகஸ்ட் 23-ல் இறங்கியது, நாற்பது நாள். ஆகவே இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை லீவு என்றால் நிலவு சரியான இடம்: போனார், வேலை முடித்தார், வந்தார். அங்கிருந்து பூமிக்கு ரேடியோ போக 1.3 விநாடி, பேச்சுகூட நடத்தலாம்.

செவ்வாய் அப்படியில்லை. மங்கள்யான் 2013 நவம்பர் 5-ல் கிளம்பி 2014 செப்டம்பர் 24-ல்தான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. போகத் தோதான வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். செமஸ்டர் லீவுக்காகச் செவ்வாயிலிருந்து பூமிக்கு அனுப்பினால் அவர் திரும்புவதற்குள் பிளேயர் டிகிரி முடித்துவிடுவார். திரும்ப வரவே மாட்டார் என்று தெரிந்தால் மட்டும் அந்த வழி. செய்தி போய்ச்சேர ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடம் ஆகும், பேச முடியாது, கடிதம்தான். விலகிய பிளேயர் எப்போதாவது நாலு வரி எழுதி அனுப்ப ஆசைப்பட்டால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. சனியின் நிலவான டைட்டனுக்கு ஒரு வழிக்கே மணி நேரத்துக்கு மேல். நிரந்தரமாகப் போகிறவருக்கு அது சரி.

அடுத்த காரணம், கப்பல் நடுவழியில் இருப்பது. பாண்டி–கடலூர் பஸ்ஸில் கன்னியக்கோவிலில் இறங்கிக்கொள்கிற மாதிரி அங்கே இறங்க முடியாது. கேரக்டர் கப்பலுக்குள்ளேயே காணாமல் போக வேண்டும். மிகச் சிறந்த வழி ராத்திரி ஷிப்ட். ஆறு பேரையும் இரண்டு முறையாகப் பிரித்து, போகிறவரை எதிர் முறையில் போடுங்கள். மற்றவர்கள் தூங்கும்போது அவர் வேலை பார்ப்பார். காலையில் பதிவேட்டில் அவர் கையெழுத்தில் 'மூணாம் நம்பர் பம்ப் சத்தம் போடுது, பாருங்க' என்று ஒரு சீட்டு இருக்கும். இது நம்பும்படி இருக்குமா என்று சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர் வீட்டில் கேளுங்கள். ஒரே கூரைக்கு அடியில் வாரக்கணக்கில் முகம் பார்க்காமல் குடித்தனம் நடக்கிறது.

விலை அதிகமான தவறு, சிக்கலைத் தீர்க்க ஒரு அதிவேகக் கப்பலைக் கண்டுபிடிப்பது. 'எட்டே நாளில் பூமி' என்று ஒருமுறை எழுதிவிட்டால் பழைய சீன்கள் எல்லாம் செத்துவிடும். மருந்து இல்லாமல் ஒருவர் கை போனதே, அன்றைக்கு அந்தக் கப்பல் எங்கே இருந்தது? அப்படி எழுதியிருந்தால் அந்தப் பதிவை எடுத்துவிட்டு இடத்தை மாற்றி எழுதுங்கள். குழுவிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

அறிகுறி 5: கேரக்டரைச் சாகடித்தே ஆகவேண்டும் என்கிறார் பிளேயர்

இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். பாதிக்குப் பாதி இது வேலை அலுப்பில் சொன்னதாக இருக்கும். பிறகும் அதே முடிவு என்றால் அனுமதிக்கலாம், மூன்று நிபந்தனையோடு.

ஒன்று, வேறு கேரக்டர் கையில் சாவு விழக் கூடாது, அந்தக் கேரக்டரின் பிளேயர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஒழிய. பைலட் திருப்பிய திருப்பில்தான் என்ஜினியர் செத்தார் என்று எழுதினால், விலகியவர் நிம்மதியாகப் போய்விடுவார், பைலட்டை ஆடுபவர் ஒரு வருஷம் அந்தப் பழியைச் சுமப்பார்.

இரண்டு, அறிகுறி 2-ல் உள்ள நான்கு கட்டமும் சாவுக்கு முன்பே காலியாகியிருக்க வேண்டும்.

மூன்று, உடம்பு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி எழுத வேண்டும். கவசமில்லாமல் வெற்றிடத்தில் விழுந்தவர் வெடிக்க மாட்டார், உடனே பனிக்கட்டியாகவும் மாட்டார். பத்துப் பதினைந்து விநாடியில் நினைவு தப்பும். ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே இழுத்துக் காற்றழுத்தம் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. அதனால் வெற்றிடத்தில் மூன்று பத்தி வசனம் நடக்காது. பேச வேண்டியதைக் கதவுக்கு இந்தப் பக்கம் பேசட்டும். அந்த ஒன்றரை நிமிடத்தில் மற்றவர்கள் ஏன் இழுக்கவில்லை என்பதற்கும் பதில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் பிசிக்ஸ் ஆள் இழுத்துவிடுவார்.

பிளேயர் வரவில்லை என்பதற்காக ஜிஎம் தானே கேரக்டரைச் சாகடிப்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதற்கு எந்த நிபந்தனையிலும் இடம் கிடையாது.

அறிகுறி 6: போன கேரக்டர் போகவே மாட்டேன் என்கிறது

மூன்று பதிவுக்கு ஒருமுறை 'இந்நேரம் டாக்டர் இருந்திருந்தா...' வருகிறதா? அவர் வேலை யாருக்கும் போகவில்லை என்று அர்த்தம். மருந்தறைச் சாவியை யாருக்காவது கொடுங்கள், அந்த வரி தானாக நின்றுவிடும். வேலை கொடுத்தும் நிற்கவில்லை என்றால் மற்றவர்களுக்கு வருத்தப்பட இடம் தரவில்லை. நேரில் சேரும் நாளில் ஒரே ஒரு சாப்பாட்டு மேஜை சீன் வையுங்கள், ஒரு நாற்காலி காலி. அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

போனவருக்கு யாராவது வசனம் எழுதிக்கொண்டிருந்தால் அது அறிகுறி 2-ன் மூன்று கேள்வி கேட்கப்படாததன் பலன்.

அறிகுறி 7: செத்த கேரக்டரின் பிளேயர் திரும்பி வந்துவிட்டார்

புதுக் கேரக்டர். குளோன் வேண்டாம், இரட்டைப் பிறவி வேண்டாம், 'அது கனவு' வேண்டவே வேண்டாம். செத்தவரின் இடத்துக்கு அனுப்பப்பட்ட மாற்று ஆளாக வரட்டும், பழையவரின் பெட்டியைத் திறந்து பொருளை எடுத்து வைப்பது முதல் சீன். பிளேயருக்குப் பழைய கேரக்டரோடு பேசியது போல இருக்கும்.

அறிகுறி 8: சண்டை போட்டுக்கொண்டு போனார்

முதலில் கதையைத் தொடாதீர்கள், பதிவேட்டைப் பாருங்கள். கூகுள் டாக் யார் பெயரில் இருக்கிறது? போனவர் பெயரில் இருந்தால் இன்றைக்கே ஒரு நகல் எடுங்கள். நகலில் பழைய திருத்த வரலாறு வராது, வார்த்தைகள் வரும், அது போதும். உங்கள் பெயரில் இருந்தால் அவருக்குத் திருத்தும் உரிமையை எடுத்து, படிக்கும் உரிமையை விட்டு வையுங்கள். அவர் எழுதியது அவருக்கும் தெரிய வேண்டும். ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் முந்தைய நிலையை மீட்கலாம். டாக்கையே தூக்கிப் போட்டிருந்தால் டிரைவின் குப்பைத் தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், அதை மீட்க உரிமையாளரால்தான் முடியும்.

அடுத்து, ஏழு நாளுக்கு அந்தக் கேரக்டரைப் பற்றி யாரும் எழுதக் கூடாது. எழுதினால் பழிவாங்கலாகத்தான் வரும்: திருடனாக்குவார்கள், கோழையாக்குவார்கள், காற்றுப்பூட்டில் (வெற்றிடத்துக்குத் திறக்கும் கதவறையில்) தள்ளுவார்கள். ஏழாம் நாள் ஜிஎம் ஒரே பதிவு போடட்டும். 'தலைமையகத்திலிருந்து மாற்றல் உத்தரவு வந்தது. அடுத்த நிறுத்தத்தில் சரக்குப் பொறுப்பாளர் இறங்கிக்கொண்டார். அறை சுத்தமாக இருந்தது.' புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம்.

வெளியாளைக் கூப்பிட வேண்டிய இடங்கள்

ஜிஎம்மே சண்டையில் ஒரு தரப்பு என்றால் வேறு குழுவின் ஜிஎம் ஒருவரைக் கேளுங்கள். ஒரு வாரம், கடைசி ஐம்பது பதிவு, இரண்டு பேரோடும் தனித்தனியாக ஒரு போன். செலவு ஒரு டீயும் பஜ்ஜியும்.

சாகிற சீனை எழுதச் சொல்லும் பிளேயர் கேரக்டரைப் பற்றிப் பேசவில்லை, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தோன்றினால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். 'நான் இல்லாட்டியும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது' என்று கேரக்டர் வாயில் திரும்பத் திரும்ப வந்தால் நேரடியாகக் கேளுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். வீட்டாருக்குத் தெரியப்படுத்துங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 112. இதற்கு ஜிஎம்மிடம் மருந்து கிடையாது.

மிரட்டல், தனிப்பட்ட படம், வீட்டு விலாசத்தை வெளியே போடுவது: ஸ்கிரீன்ஷாட்டை தேதியோடு எடுத்துவிட்டு சைபர் கிரைம் போலீசுக்குப் போங்கள். சமாதானம் பேசுகிறேன் என்று மெசேஜை அழிக்க வைக்காதீர்கள்.

ஆட்டத்தை நாவலாகப் போடலாம் என்று யாராவது கிளம்பினால் வக்கீலைப் பாருங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்குத்தான் உரிமை, குரூப்பை விட்டுப் போனதால் அது போய்விடாது. அவர் காலத்துக்குப் பின்னும் அறுபது ஆண்டு இருக்கும். சுமுகமாகப் போகிறவரிடம் மூன்றாவது பதிவு முடிந்த அன்றே கேட்டு வாங்கிவிடலாம்: எந்த எந்தப் பதிவுகள், அப்படியே போடலாமா, திருத்தலாமா, பெயர் எப்படி வர வேண்டும், காசு வந்தால் பங்கு எவ்வளவு. ஒரு பக்கம், கையெழுத்து, தேதி. ஆளுக்கு ஒரு பிரதி.